கப்பலுக்குக் கட்டிய பெட்டி

உத்திரமேரூர்,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

என் கண்ணு சுதாவுக்கு உன் அம்மா கோவிந்தம்மாள் எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று கேட்கக்கூட எனக்கு இன்றைக்குக் கூச்சமாக இருக்கிறது. முந்தாநாள் போனில், நாங்கள் நார்வேக்கு வந்து உங்களோடு கப்பலேற முடியாதம்மா, பெரியப்பா சாவுத் தீட்டு என்று சொன்னதுதான் தாமதம், நீ பொரிந்து தள்ளிவிட்டாய். "அண்ணன் தம்பிக்குள்ள பேச்சே இல்ல, தீட்டு மட்டும் எங்கருந்து வந்துச்சி? எல்லாம் சாக்கு. நைனா வரமாட்டாருன்னு எனுக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டாய். அப்புறம் எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை. எடுத்தாலும் நான் அழுவேன், நீ கத்துவாய், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன். இந்தத் தாள்களைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புகிறேன் என்று ஜெகன் சொல்லியிருக்கிறான். என் போனை எடுக்காவிட்டாலும் தம்பி அனுப்புவதைத் திறந்து பார்ப்பாய் என்று நம்புகிறேன்.

மற்றதைப் படிக்காவிட்டாலும் இந்த ஒன்றைப் படித்துவிடு. உன் நைனா இந்தத் தடவை பின்வாங்கவில்லை. உன் கல்யாணத்தன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாரே, அந்த மாதிரி இது இல்லை. அன்றைக்கு அவருக்கு மனசு வரவில்லை. இன்றைக்கு மனசு முழுக்க அங்கேதான் இருக்கிறது, காலைத்தான் கட்டிப்போட்டுவிட்டார்கள். இல்லை, அவரே கட்டிக்கொண்டார். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

கப்பலுக்குக் கட்டிய பெட்டி இப்போது என் முன்னால் திறந்து கிடக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கிறேன். மேலாக உன் நைனாவின் கோட்டு. அதை முதலில் எடுத்துக் கட்டில்மேல் விரித்துவிட்டேன், கசங்கினால் அவருக்குப் பிடிக்காது. அதன் கீழே கைக்கு உறை, காலுக்கு உறை, காதுக்கு உறை. குளிருக்கு உள்ளே ஒன்று, அதற்கு மேல் கம்பளியில் ஒன்று, அதற்கும் மேல் காற்றுப் புகாமல் ஒன்று போடணும் என்று நீ சொன்னபடி மூன்று மூன்றாக வாங்கினோம். பருத்தித் துணியை உள்ளே போடாதே, வேர்வை பட்டால் உடம்பு விறைத்துவிடும் என்றாய். பருத்தியைத் தவிர நான் வேறென்னடி கட்டினேன் இத்தனை வருஷமாக? புடவைக்குள்ளே இறுக்கமாக ஒரு பேண்ட்டு, அதன்மேல் பாவாடை, கழுத்து வரைக்கும் ஸ்வெட்டர். போட்டுப் பார்த்தபோது எதிர்வீட்டுச் செந்தமிழன் பெண்டாட்டி வந்துவிட்டாள். "இன்னாக்கா, மாசி வெயில்ல மூட்ட கட்டிகினு நிக்கிற?" என்று கேட்டுச் சிரித்தவள், தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

நானாவது வீட்டுக்குள் போட்டுப் பார்த்தேன். உன் நைனா பனியில் நடக்கிற அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரை வரைக்கும் போய்விட்டு வந்தார். புதுச் செருப்பு கடிக்கும், பழக்க வேண்டும் என்று காரணம் வேறு. தலையில் குல்லா, கையில் உறை. தெருநாய் ஒன்று விடாமல் துரத்தியது. மூச்சிரைக்க வந்து உட்கார்ந்து, "நம்ம ஊரு நாயே என்ன வுட மாட்டேங்குது, அந்த ஊரு நாய் வண்டி கட்டி என்ன இழுத்துகினு போவுமாடி?" என்றார். நீ அனுப்பிய வீடியோவில் நாய்கள் பனியில் வண்டி இழுத்துப் போவதை அவர் எத்தனை தடவை பார்த்திருப்பார் என்று எனக்கே தெரியாது.

கோட்டு கதையை உனக்கு யாரும் சொல்லவில்லை. கப்பலில் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோட்டு போட்டுத்தான் உட்காரணும், வேட்டியோடு வந்தாலும் விடுவார்கள், ஆனால் எல்லாரும் கோட்டில்தான் இருப்பார்கள் என்று நீ சொன்னாய் அல்லவா? வேட்டி போதும் என்று அவர் வீம்பு பண்ணுவார் என்றுதான் நான் நினைத்தேன். மறுநாளே உத்திரமேரூர் கடைத்தெருவில் ஐசக் டெய்லரிடம் போய் நின்றார். ஐசக், சர்ச்சு கல்யாண மாப்பிள்ளைகளுக்குக் கோட்டு தைக்கிறவர். இவரைப் பார்த்ததும், "இன்னா பச்சமுத்து, இந்த வயசுல பொண்ணு பாத்துட்டியா?" என்று கேட்டாராம். உன் நைனாவுக்குக் கோபம் வரவில்லை, சுதா. "பொண்ணு வூட்டுக்குப் போறேன், நல்லா தெய்யி" என்று சொன்னாராம். ஐசக்கே எனக்கு இதைச் சொன்னார்.

பிறகு முள்கரண்டி. அதையும் வாங்கிவந்தார். இட்லியை முள்கரண்டியால் குத்தித் தின்றார். தோசையைக் கத்தியால் அறுத்தார். கோழிக் குழம்பில் எலும்பைக் குத்தப் போய் அது பறந்து ஜெகன் சட்டையில் விழுந்தது. நான் சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோனேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பையன் எதிர்ல உக்காருவானா, பக்கத்துல உக்காருவானா?" என்று கேட்டார்.

மாப்பிள்ளையை இத்தனை வருஷமாக அவர் அப்படித்தான் சொல்கிறார். அந்தப் பையன். பெயர் கிடையாது, முறை கிடையாது. நம் சாதி இல்லை என்று அன்றைக்குச் சொன்ன வாய், அப்புறம் எதுவுமே சொல்லத் தெரியாமல் அதிலேயே நின்றுவிட்டது. எதிரில்தான் உட்காருவார் என்றேன். "எதிர்லன்னா மூஞ்சப் பாத்துதான் ஆவணும்" என்று சொல்லிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

இரண்டு நாள் கழித்து நான் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வருகிறேன், அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு பீரோக் கண்ணாடி முன்னால் நிற்கிறார். "நீங்க சாப்பிடுங்க. நல்லா சாப்பிடுங்க" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்கிறார். மறுபடியும் அதையே, கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறார். சத்தம் காட்டாமல் பின்பக்கமாகவே திரும்பிப் போய்விட்டேன். அந்தக் கப்பல், அந்தப் பனி, வானத்தில் பச்சை வெளிச்சம் தெரியும் என்றாயே அது, எல்லாம் அவருக்கு இந்த ஒரு வார்த்தைக்குத்தான். அதைச் சொல்ல முடியாமல் போயிற்றே என்றுதான் எனக்கு வயிறு எரிகிறது. நீ சாக்கு என்கிறாய்.

இனிமேல் என்னைத் திட்டுவாய். திட்டிக்கொள். நடந்ததை மறைக்க எனக்கு மனசில்லை.

உன் பெரியப்பா தைப்பொங்கலுக்கு அப்புறமே படுத்துவிட்டார். பெரியம்மாவும் போய்ச் சேர்ந்து, பிள்ளையும் இல்லாத வீட்டில் அந்த மனுஷன் தனியாகத்தான் கிடந்தார். ஜெகன் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தான். கஞ்சி வைத்து நானும் கொடுத்தனுப்புவேன், உன் நைனாவுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். உன் கல்யாணத்தில் அவர் இடத்தில் பெரியப்பா நின்று உன்னைத் தாரைவார்த்துக் கொடுத்த நாளிலிருந்து அண்ணன் தம்பி முகம் பார்க்கவில்லை. ஒரே தெரு, ஒரே ஏரித் தண்ணீர், இருந்தும் ஒருத்தர் வந்தால் மற்றவர் குடையைச் சாய்த்துக்கொண்டு போவார். அந்த வீம்பை நினைத்தால் எனக்கு இப்போது அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

போன புதன்கிழமை காலை, பெரியப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று ஆள் வந்து சொன்னது. எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? பெட்டி. சாவு விழுந்தால் வீட்டில் இருக்கிற துணியெல்லாம் தீட்டு, நனைத்துப் பிழியணும். ஐசக் தைத்த கோட்டை நனைக்க முடியுமா? உனக்குக் கொடுக்க வைத்த வடாம், புளிக்காய்ச்சல், கட்டிவைத்த பட்டு எல்லாம் போச்சே என்று தோன்றியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு செந்தமிழன் வீட்டுக்கு ஓடினேன். அவர்கள் நமக்குப் பங்காளி இல்லை, தீட்டு ஒட்டாது. ஓடும்போதே கணக்கும் போட்டேன். பேச்சு வார்த்தை அற்றுப்போன உறவுதானே, தீட்டுக் காக்க வேண்டியதில்லை என்று யாரையாவது பெரியவரைச் சொல்ல வைத்துவிட்டால் கப்பலேறிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு மனுஷன் உயிர் போய்க்கொண்டிருக்கிறது, நான் பெட்டியைக் காப்பாற்ற ஓடினேன். உன்னைப் பார்க்கிற ஆசை என்னை அப்படி ஆக்கிவிட்டது. அதற்காக அது நியாயம் ஆகிவிடாது.

நான் பெட்டியோடு அந்தப் பக்கம் போனபோது உன் நைனா செருப்பில்லாமல் இந்தப் பக்கம் போயிருக்கிறார், அண்ணன் வீட்டுக்கு. போய்ச் சேர்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது. நான் போனபோது பெரியப்பா காலடியில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்த பேசிட்டு இருந்துருக்கலாம்" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தார். யாரைச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் பேசியிருக்கலாம் என்றா, தான் பேசியிருக்கலாம் என்றா? கேட்கவும் முடியவில்லை.

சாயந்திரம் எடுக்கிற நேரத்தில் கொள்ளி யார் வைப்பது என்று வாசலில் பேச்சு வந்தது. சுதா, இதை நன்றாகப் படி. ஊரே அவருக்கு வழிவிட்டது. "பச்சமுத்துக்குக் கப்பல் கீதுப்பா, கொள்ளி வெச்சா வருசம் திரும்பற வரிக்கும் கடல் தாண்டக் கூடாது, விருந்துல உக்காரக் கூடாது. அவர வுட்டுட்டு வேற பங்காளி யாராவது வெக்கட்டும்" என்று பெரியவர்களே சொன்னார்கள். ஜெகனும் நான் வைக்கிறேன் என்று முன்னால் வந்தான். உன் நைனா தன் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "என் பொண்ண எனக்குப் பதிலா அவன் தார வாத்தான். அவனுக்குப் புள்ள இல்ல. கொள்ளிய நான்தான் வெக்கணும்" என்றார். ஐயோ கப்பல் என்று எனக்குள்ளே ஒரு குரல் கத்தியது, அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

தலையை மழித்து, மீசையை எடுத்து, அவர் வீட்டுக்கு வந்தபோது யாரோ வேற்று மனுஷன் மாதிரி இருந்தார். மறுநாள் மாகறல் பக்கம் செய்யாற்றில் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்து, "பொட்டி எங்க?" என்று கேட்டார். செந்தமிழன் வீட்டில் வைத்தேன் என்றேன். எப்போது என்று கேட்டார். சொன்னேன். "பொட்டிய காப்பாத்திட்ட" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. தீட்டு பட்டால் படட்டும் என்று அப்போதே போய்ப் பெட்டியைத் திரும்பத் தூக்கிவந்துவிட்டேன். அவர் என்னோடு சரியாகப் பேசியே மூன்று நாள் ஆயிற்று.

நீயாவது வா அம்மா என்று நீ கேட்கலாம். கேட்டால் எனக்கு ஆசை வரும், அதனால் கேட்காதே. செவ்வாய்க்கிழமை உங்கள் கப்பல் புறப்படுகிறது, வியாழக்கிழமை இங்கே கருமாதி. கொள்ளி வைத்தவரின் பெண்டாட்டி இல்லாமல் கருமாதி நடக்குமா? அதுவும் இல்லாமல், மொட்டைத் தலையோடு அந்தப் பெரிய மனுஷன் அண்ணன் வீட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரை விட்டுவிட்டு நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கப்பலில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்குமா?

நேற்று கருமாதிப் பேச்சுக்குப் பங்காளிகள் வந்தார்கள். நம் வழக்கம் உனக்கு மறந்திருக்கும். கருமாதி அன்று கொள்ளி வைத்தவர் ஏரியில் தலைமுழுகி ஈரத்தோடு கரையில் நிற்பார். பெண் கொடுத்த வீட்டாரும் பெண் எடுத்த வீட்டாரும் கோடி என்று புது வேட்டி கொண்டுவந்து அவர் தோளில் போடுவார்கள். மச்சான் கோடி முதலில், அடுத்தது மருமகன் கோடி. அதற்கப்புறம்தான் ஈரத் துணியை அவிழ்த்துக் கோடியைக் கட்டுவார். மச்சான் கோடிக்கு உன் மாமன் இருக்கிறார். அடுத்து மருமகன் கோடி யார் என்று ஒரு பெரியவர் கேட்டுவிட்டு, கேட்டது தப்பு என்று தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். இன்னொருத்தர், "அத்த வுடுப்பா, அவருக்குத்தான் அந்த மொற இல்லியே. மச்சான் கோடியோட முடிச்சிக்கலாம்" என்றார்.

நான் அடுப்பங்கரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உன் நைனா தலையைத் தூக்கினார். "ஏன் இல்ல? எனுக்கு மாப்ள கீறாரு. மோகன்குமாருன்னு பேரு. நார்வேல கீறாரு" என்றார்.

சுதா, அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை அவ்வளவு தூரத்தில் இருக்கிறார், எப்படி வருவார், ஜெகனே ஒரு வேட்டி வாங்கி மாப்பிள்ளை பேரைச் சொல்லிப் போட்டுவிடட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "மாப்ள கையால வந்தா கட்டறேன். இல்லன்னா அந்தக் கோடி அப்டியே நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

கப்பலை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாயில்லை. எத்தனை மாசமாக நீ ஆசை ஆசையாக ஏற்பாடு செய்தது என்று எனக்குத் தெரியும். இத்தனை நாள் கதவைச் சாத்தி வைத்தது நாங்கள், மாப்பிள்ளை இல்லை. இப்போது எங்களுக்கு ஒரு முறை தேவைப்படுகிறது என்றதும் ஓடிவா என்று கூப்பிட்டால் எந்த மனுஷனுக்கும் கோபம் வரத்தான் வரும். அவருக்கு மனசில்லை என்றால் கட்டாயப்படுத்தாதே. இந்தக் கடிதத்தை அவரிடம் படித்து மட்டும் காட்டு. கண்ணாடி முன்னால் நின்றதை விடாமல் படி.

கப்பலுக்குத்தான் போகிறீர்கள் என்றால் நிம்மதியாகப் போய்வாருங்கள். மேல்தளத்தில் நின்று வேடிக்கை பார்க்கும்போது காதை மூடிக்கொள், உனக்குச் சின்ன வயசிலிருந்தே பனிக்காற்று ஆகாது. ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் எங்கள் இரண்டு பேர் நாற்காலியும் காலியாக இருந்தால் அதைப் பார்த்து அழாதே. நீங்கள் இரண்டு பேரும் எங்கே இருந்தாலும் ஒருத்தரை ஒருத்தர் விடாமல் நல்லபடியாக இருக்கணும். உன் பெரியப்பா கையால் வார்த்த தண்ணீர் வீண்போகாது.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்கக் கண் பூத்துக் கிடக்கும்
அம்மா.

எழுதி முடித்து ஜெகனைக் கூப்பிடப் போனேன். உன் நைனா கட்டில் ஓரமாக, அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "இன்னா எழுதன?" என்று கேட்டார். மூன்று நாளைக்கப்புறம் அதுதான் முதல் பேச்சு. எல்லாம் எழுதினேன் என்றேன். கோட்டின் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம், "எட்டு மொழ வேட்டின்னு எழுது. அந்த ஊர்ல தேடிகினு அலைய வேணாம், வந்து எறங்கி இங்க பஸ் ஸ்டாண்டாண்டயே வாங்கிக்கலாம்னு மாப்ளகிட்ட சொல்லச் சொல்லு" என்றார். எழுதிவிட்டேன்.